மாடி ஏறாத அடுக்ககம்: செட்டிநாட்டு நாட்குறிப்பு

வெள்ளி இரவு, காரைக்குடி

செட்டிநாட்டுக்குச் சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் உண்டு. பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு அப்படியே ஒரு எட்டு அரண்மனையைப் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. கல்யாண போட்டோ எடுக்க வருகிற கூட்டம் இப்போது ஜாஸ்தி. நான் வந்திருப்பது மெயின்டெனன்ஸ் தகராறுக்கு விடை தேடி. சிரிக்காதீர்கள்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு இந்த வருஷம் நான்தான் செயலாளர். தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்கு ஏன் காசு தர வேண்டும், பெயின்ட் அடிக்கக் கார்ப்பஸ் என்ற பொதுச் சேமிப்பில் கை வைக்கலாமா, துபாயில் இருக்கிறவர் தண்ணீர் லாரிக்குப் பங்கு தருவாரா என்று மாதாமாதம் கூடிச் சண்டை போடுகிறோம். கடைசிக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, கானாடுகாத்தானைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தோளில் கை போட்டார். "இந்தப் பஞ்சாயத்தெல்லாம் எங்க வீட்டுல எங்க ஐயா காலத்துலேருந்து நடக்குது. இப்ப பதினாலு பங்கு. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் நம்பரையும் அனுப்பிவிட்டார்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி ராத்திரி பத்து மணிக்கு மேல் காரைக்குடியில் இறங்கினேன். ரயிலில் வாங்கிய வடையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் பார்ப்போம்.

சனி, கானாடுகாத்தான்

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் அரை மணி நேரப் பஸ். மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால், முதலில் கண்ணில் படுவது தெருக்களின் நேர்தான். நூல் பிடித்து வெட்டிய தெருக்கள். ஒவ்வொரு வீடும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அதனால் நடந்து போகும்போது ஒரு பக்கம் முகப்பு, வளைவு, பொம்மை, லட்சுமி என்று அமர்க்களமாக இருக்கும். எதிர்ப்பக்கம் வேறு வீடுகளின் கொல்லைச் சுவர் மட்டும் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் ஆள் நடமாட்டம் குறைவு. டூரிஸ்ட் வேன் நிற்கிற அரண்மனைப் பக்கம் மட்டும் சத்தம்.

நண்பரின் வீட்டு வாசலில் வாட்ச்மேன் பெரியவர் காத்திருந்தார். "வாங்கய்யா. செருப்பை இங்கனயே விட்டுருங்க. உள்ள கல்லு சில்லுன்னு இருக்கும், நடக்க நல்லாருக்கும்."

முகப்பு நிலையில் நின்று உள்ளே பார்த்தால் கடைசிக் கதவு வரை ஒரே நேர்கோடு. திண்ணை, அதைத் தாண்டி ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த பட்டாலை, அப்புறம் வானம் பார்த்த முற்றமான வளவு, அதற்குப் பின்னால் பந்தி போடும் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு, கொல்லை வாசல். தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று எல்லா வழிகாட்டியும் ஒப்பிக்கிற பாட்டு ஒன்று உண்டு. அதெல்லாம் இங்கேயும் இருக்கிறது. நான் பார்க்க வந்தது அதை அல்ல.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றும் இரட்டை அறை, முன்னால் ஒன்று, அதற்குள் இன்னொன்று. வெளியே நின்றால் உள்ளறை தெரியாது. ஒவ்வொரு கதவிலும் தனிப் பூட்டு. பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு சில. புது நவ்தால் சில. ஒன்றுக்குத் துணி சுற்றிக் கயிறு கட்டி, முடிச்சின் மேல் மெழுகு ஊற்றியிருந்தது. ஓர் அறைக்குக் கதவே இல்லை. நிலை இருந்த இடத்தில் சுவர் பெயர்ந்து செங்கல் தெரிய, பிளைவுட் பலகை ஒன்றை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். பெரியவரிடம் கேட்டேன். "அது அவுக பங்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் இந்த இரட்டை அறையில் ஒன்று. இந்த ஊர்ச் செட்டியார்களான நகரத்தார் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரி அந்தப் புள்ளிக் கணக்கில்தான். சீர் வந்த வெள்ளியும் பித்தளையும் உள்ளறைக்குள் பூட்டிக் கிடக்கும். ஆட்கள் வளவிலும் பட்டாலையிலும் புழங்குவார்கள். தனிச்சொத்து கதவுக்கு உள்ளே, பொதுச்சொத்து கதவுக்கு வெளியே. எங்கள் சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் நாற்பது பக்கத்தில் சொல்ல முயல்வதை இங்கே ஒரு வாசற்படி சொல்லிவிடுகிறது.

இந்த வீட்டில் இப்போது நிரந்தரமாக இருப்பது ஓர் ஆச்சி மட்டும். எண்பதைத் தாண்டியவர். மகன்கள் கோவையிலும் மலேசியாவிலும். பிளாஸ்டிக் நாற்காலியை வளவு ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். யார், எவர், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்ற விசாரணை முடிந்த பிறகுதான் என் கேள்விக்கு வந்தார்.

"ஒரே வீடுதான் தம்பி. ஆனா ஒரே அடுப்புன்னு நெனைச்சிராதீக. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்க ஏழு அடுப்பு எரிஞ்சுச்சு. எனக்குக் கல்யாணமாகி மறு வருசமே எங்களை வேறு வச்சுட்டாக. அரிசி, பருப்பு, புளி, மொளகா எல்லாத்தையும் வருசத்துக்கு அளந்து குடுத்து, கைச்செலவுக்கு ஒரு தொகையும் குடுத்து, இதுக்குள்ள குடும்பத்தை நடத்துன்னுட்டாக. எனக்கு அப்ப பதினேழு வயசு. பக்கத்து அடுப்புல மாமியா, இந்தப் பக்கம் கொழுந்தன் பொண்டாட்டி. புளி தீந்து போச்சுன்னு போயி கேட்டா மானம் போயிரும்."

சண்டை வராதா ஆச்சி?

"வராம? வரும். அதுக்குத்தான அடுப்பைப் பிரிச்சு வச்சாக."

எழுந்து வந்து மூன்றாங்கட்டைக் காட்டினார். அடுப்புகள் இப்போது இல்லை, இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். சுவரில் கரி மட்டும் தனித்தனித் திட்டாக நிற்கிறது. இரண்டு திட்டுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு வெளுப்பு அப்படியே இருக்கிறது. கரியை எண்ணினால் ஆச்சி சொன்ன கணக்கு சரியாக வருகிறது. அந்தச் சுவருக்கு எதிரே ஆட்டுக்கல், அம்மி எல்லாம் வரிசையாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கிடக்கின்றன. ஓர் அம்மியின் ஓரத்தில் இனிஷியல் பொறித்திருக்கிறது.

கூட்டுக் குடும்பம் என்று சொல்லி நாம் பெருமூச்சு விடுகிறோமே, அந்தப் படத்தில் ஒரு பெரிய அண்டா இருக்கும், அதைச் சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். இங்கே நடந்தது வேறு. கூரை ஒன்று, கிணறு ஒன்று, வாசல் ஒன்று, வரவு செலவு தனித்தனி. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), சாவு என்றால் மட்டும் எல்லா அடுப்பும் அணைந்து பொதுப் பந்தி. இதை அப்பார்ட்மென்ட் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? மாடி மேல் மாடியாக அடுக்காமல் ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை தரையில் நீட்டி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மதியம் ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

சனி இரவு, அதே ஊர்

பொதுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் உண்மையான கேள்வி. பட்டாலைச் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. கோட்டும் தலைப்பாகையும் போட்டவர்கள் நாலு பேர், கீழே 'ரங்கூன், மொகல் தெரு' என்று எழுத்து. ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நெருக்கியடித்திருந்த தெரு அது. மூன்று மூன்று வருஷம் கணக்கு வைத்து அங்கே போய் இருந்து, கொடுக்கல் வாங்கல் பார்த்து, திரும்பி வந்து இங்கே வீடு கட்டினார்கள். பெரிய வீடுகள் எழும்பிய உச்சக் காலம் 1900-க்கும் 1940-க்கும் நடுவே.

அப்புறம் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவன் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938-இல் 25 பங்கு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு இந்த வளவின் தேக்குத் தூண்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டியிருக்கிறது. நகரத்தாருக்கும் அது லாபமில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். ஆச்சியின் மாமனார் காடு மலை வழியாக நடந்தே வந்து சேர்ந்தாராம். வந்தபோது காலில் செருப்பு இல்லை, இடுப்பில் கணக்குப் புத்தகம் மட்டும் இருந்தது என்று ஆச்சி சொல்கிறார். போர் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்ததும் 1948-இல் நில தேசியமயச் சட்டம். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு அதோடு மதிப்புப் போயிற்று.

எங்கள் சங்கத்தின் பாஷையில் சொன்னால், இந்த வீட்டின் கார்ப்பஸ் ஃபண்ட் முழுக்க கடல் கடந்து இருந்தது, ஒரே கையெழுத்தில் அது போய்விட்டது. கூரையும் தூணும் மட்டும் இங்கே மிச்சம்.

இப்போது பொதுச் செலவு எப்படி? வாட்ஸ்அப் குரூப். ஓடு சரிந்தால், சுவரில் அரசங்கன்று முளைத்தால், பெரியவர் போட்டோ எடுத்துப் போடுகிறார். "கட்டை விரலைத் தூக்கிக் காட்டி எல்லாரும் படம் போட்டுர்றாகய்யா. பணந்தான் வர மாட்டேங்குது."

ஞாயிறு, காரைக்குடி

காலையில் ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்த்தேன். ஆயிரம் இருக்கிறதா என்று எண்ணும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய பொருள் கடைகள். வாசலிலேயே எனாமல் தூக்குச் சட்டிகள் தொங்குகின்றன. ஸ்வீடனில் செய்தது, ஜப்பானில் செய்தது என்று அடியில் முத்திரை. ரவிவர்மா லட்சுமி அச்சுப் படங்கள், கடிகாரங்கள், மரப்பாச்சிகள், சில்லு உடைந்த சரவிளக்கு. கூட்டம் இந்தச் சின்னச் சாமான்களில்தான் மொய்க்கிறது. கடைக்குப் பின்னால் கொட்டகையில் நான் பார்த்தது முழு நிலைகள். வாசக்கால், கதவு, மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகை எல்லாம் சேர்ந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தூண்கள் ஜோடி ஜோடியாகத் தரையில் படுத்திருந்தன. ஒரு கதவின் நாதாங்கியில் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி தொலைந்துபோயிருக்கும்; நிலையோடு பெயர்த்து எடுத்து வந்துவிட்டார்கள்.

கடைக்காரர் அனுபவஸ்தர். நான் வாங்குகிற ஆள் இல்லை என்பது தெரிந்தும் டீ வரவழைத்தார்.

"எப்படி வருது சார்னு கேக்குறீங்க. நேராச் சொல்றேன். வீடு முழுசா விக்கணும்னா எத்தனை பங்காளி இருக்காகளோ அத்தனை கையெழுத்து வேணும். ஒருத்தர் அமெரிக்காவுல, ஒருத்தர் பேசமாட்டாரு, ஒருத்தர் செத்துப் போயி வாரிசு சர்டிபிகேட் வாங்கலை. வீடு விக்காது. ஆனா அவுக அவுக ரூம் கதவை அவுக அவுக விக்கலாம்ல? அதுக்கு யார் கையெழுத்து வேணும்?"

கானாடுகாத்தானில் பார்த்த பிளைவுட் பலகையின் ரகசியம் விளங்கிவிட்டது.

இந்த ஊர் வீடுகளை வெயிலும் மழையும் அழிப்பதாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் குறைவு. சுண்ணாம்பும் தேக்கும் இன்னும் நூறு வருஷம் நிற்கும். முழுதாக விற்க முடியாத வீடு துண்டு துண்டாக விலை போகிறது என்பதுதான் நடப்பது. ஒருவர் தன் கதவை விற்றதும் அடுத்தவருக்குத் தன் ஜன்னல் ஞாபகம் வருகிறது. வளவுத் தூண் எல்லோருக்கும் பொது என்பதால் அதில் மட்டும் கொஞ்ச நாள் கை வைக்க மாட்டார்கள். அப்புறம் அதுவும் ஒரு நாள் ராத்திரி போகும். எடுத்தது யார் என்று குரூப்பில் சண்டை நடக்கும்.

கடையின் மூலையில் 'யுனைடெட் இந்தியா' என்று எழுதிய பழைய தகரப் பலகை ஒன்று, ஓரமெல்லாம் துருவோடு. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தை நாம் எல்ஐசி கட்டியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொடங்கியவர் செட்டிநாட்டு நகரத்தாரான எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் அவர்தான். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸும் அவருடையது. அந்தக் கம்பெனிக்காக 1953-இல் மவுண்ட் ரோட்டில் உயரக் கட்டடம் ஒன்றைத் தொடங்கினார். லண்டன் கட்டடக் கலைஞர்கள் வரைந்த படம். அடுத்த வருஷமே, 1954 மார்ச்சில், சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமாகி, பாதி எழும்பிய கட்டடம் எல்ஐசிக்குப் போனது. மீதியை எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது 177 அடி உயரம். நாட்டிலேயே உயரமானது அப்போது அதுதான்.

மெட்ராஸை முதலில் அத்தனை உயரத்துக்கு அண்ணாந்து பார்க்க வைத்தவர், எல்லா வீடும் தரையோடு நீண்டு கிடக்கிற இந்த ஊர்ப் பக்கத்து ஆள். பர்மா கதவு மூடியபின் பணம் நகரத்துக்கு, காப்பீட்டுக்கு, வங்கிக்கு, ஆலைகளுக்கு என்று திரும்பியது. ஆட்களும் கூடவே போனார்கள். நாங்கள் லிஃப்டுக்குச் சண்டை போடுகிற சென்னைக்கு இங்கிருந்து ஒரு நேர்வழி போகிறது.

பலகை விலை கேட்டேன். சொன்னார். டீக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள், ஆத்தங்குடி, கோத்தமங்கலம்

ஆத்தங்குடியில் பெரிய வீடு பார்த்தேன். டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம், அழகுக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. படங்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன்.

கல் போடும் பட்டறையில்தான் காலை முழுக்கப் போனது. தரையில் கண்ணாடித் தகடு. அதன் மேல் பூ வடிவம் வெட்டிய உலோக அச்சு. சிமெண்டில் சாயம் கலந்து கூழாக்கி, சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். மஞ்சள் ஒரு கட்டம், சிவப்பு ஒரு கட்டம், பச்சை ஒரு கட்டம். அளவு பார்க்க எந்தக் கருவியும் இல்லை, மணிக்கட்டுதான் அளவு. அச்சை நேர் மேலே தூக்கும் அந்த ஒரு நொடி கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். வெளியே எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் பூப்பக்கம் பளபளக்கிறது. பாலிஷ் எதுவும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கிறது. சூளையும் கிடையாது, நெருப்பே இல்லை. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும் என்றார் வேலை செய்த அக்கா. ஆள் புழங்காத வீட்டில் கல் செத்துப் போகுமாம்.

"பழைய வீட்டுக்கு ரிப்பேருக்கு வாங்க வருவாங்களா?"

"எப்பயாச்சும். இருபது கல்லு, முப்பது கல்லு. மத்ததெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் பிளாட்டுக்குப் போகுது சார்."

எங்கள் பிளாக்கில் ஒன்பதாவது மாடிக்காரர் வீட்டு வரவேற்பறையிலும் இதே பூ இருக்கிறது. அங்கே லிஃப்டில் ஏற்றியதற்குத் தனியாகக் கட்டணம் போட்டோம்.

மத்தியானம் கோத்தமங்கலம். இங்கே சாரதா விலாஸ் என்ற வீட்டை மிஷேல் அத்மான், பெர்னார் திராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீர்ப்படுத்தித் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். செட்டிநாட்டை யுனெஸ்கோ கவனத்துக்குக் கொண்டுபோனதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. இன்னும் தற்காலிகம்தான். அவர்கள் அழுத்திச் சொல்லும் விஷயம் தண்ணீர். கூரையில் விழும் மழை நாலு பக்கச் சரிவிலும் ஓடி வளவுக்குள் இறங்குகிறது, மிஞ்சியது தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. ஊரே அந்தச் சரிவுக்கு ஏற்பக் கட்டம் போட்டதுதான். நேர் தெருவுக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை.

சுற்றி வந்ததில் ஒன்று பட்டது. விடுதியாகப் பிழைத்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் முடிவு எடுக்கிறவர் ஒருவர். ஒரு குடும்பம் மொத்தப் பங்கையும் வாங்கியிருக்கும், அல்லது அண்ணன் தம்பிகள் ஒத்துப்போய் நீண்ட குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பாரம்பரியத்தின் மேல் அன்பு எல்லோருக்கும்தான் இருக்கிறது. வித்தியாசம் கையெழுத்தில்.

செவ்வாய், தேவகோட்டை

ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவரைப் பார்க்க நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். பாகப்பிரிவினை வழக்குகளிலேயே தலை நரைத்தவர். திண்ணையில் உட்கார்ந்து என் நோட்டை வாங்கி நண்பர் வீட்டுக் கணக்கைப் போட்டார்.

கட்டியவருக்கு மூன்று மகன்கள். ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூத்தவருக்குப் பிள்ளை இல்லை, ஒருவரைச் சுவீகாரம் எடுத்தார்கள். அவருக்கு ஒரே வாரிசு, மூன்றில் ஒன்று அப்படியே நிற்கிறது. இரண்டாமவருக்கு நாலு மகன்கள், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அந்த நால்வரில் ஒருவரின் பங்கு இரண்டு மகன், ஒரு மகள் என்று மூன்றாகி முப்பத்தாறில் ஒன்று ஆகியிருக்கிறது. என் நண்பர் அந்த மூவரில் ஒருவர். மூன்றாமவர் வழியில் ஏழு பேர், ஆளுக்கு இருபத்தொன்றில் ஒன்று. மொத்தம் பதினாலு.

"மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டுல 1989-லயே வந்துருச்சு தம்பி. நியாயமான சட்டம். ஆனா அதுக்கு முந்தியே பங்கு பெருகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பொண்ணுக்குக் குடுத்ததாலதான் வீடு சிதறிப்போச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக."

எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னேன். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. இதை இந்த வீடுகளுக்குக் கொண்டுவந்தால் என்ன?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "உங்களுக்கு ஆளுக்கொரு பத்திரம், ஆளுக்கொரு கதவு நம்பர். இங்க அப்படி யாருக்கும் தனிப் பத்திரம் கெடையாது. இந்த ரூம் இவருதுங்கறது வாய்வழக்கு. சட்டப்படி ஒவ்வொரு செங்கல்லுலயும் பதினாலு பேருக்கும் பாத்தியதை. இதுக்கு இருக்கறது 1893-ஆம் வருசத்துச் சட்டந்தான்."

வெள்ளைக்காரன் காலத்துப் பாகப்பிரிவினைச் சட்டம். பிரித்துக் கொடுக்கத் தோதில்லாத சொத்து என்றால், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளக் கோர்ட் உத்தரவிடலாம், இரண்டாவது பிரிவு. அப்படிக் கேட்டதுமே மற்றப் பங்காளி, மதிப்புப் போட்ட விலைக்கு உங்கள் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வரலாம், மூன்றாவது பிரிவு. வெளியாள் யாராவது குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைக் குடும்பத்தாரே விலை கொடுத்துத் திருப்பிக்கொள்ள நாலாவது பிரிவு வழி விடுகிறது.

"வீட்டைக் காப்பாத்தணும்னா மூணாவது பிரிவு. ஒருத்தர் கையில சேரும். விக்கணும்னு ரெண்டாவது பிரிவுல கேக்க வச்சு, மூணாவதுல வாங்கிக்கணும். நல்ல எண்ணத்தோட செஞ்சா ஒரு வீடு தப்பிக்கும். எங்க, அதுக்கு முதல்ல பாதிப் பங்கு ஒண்ணு சேரணுமே."

நோட்டில் கூட்டிப் பார்த்தேன். சுவீகார வழிக்காரரின் மூன்றில் ஒன்று, கூடப் பன்னிரண்டில் இரண்டு. சரியாகப் பாதி வந்துவிட்டது. மூன்றே பேர் போதும்! உடனே நண்பருக்குப் போன் போட்டேன்.

"கணக்கு சரிதான். அந்தப் பன்னிரண்டில் ஒண்ணுக்காரங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பல வருசமாச்சு. ஒரு கல்யாணத்துல பந்தியில எலை போட்ட வரிசையில வந்த சண்டை."

சாயங்காலம் கானாடுகாத்தான் வழியாகத் திரும்பும்போது பெரியவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளப் போனேன். வீட்டு வாசலில் நாட்டு ஓடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்றில் ஒன்றுக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தைத் தை மாசம் இந்த வளவில் வைக்கப் போகிறாராம். ஓடு மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் தன் செலவு என்று ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் போட்டிருக்கிறார். எட்டுப் பேர் சரி என்றிருக்கிறார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை.

"மத்தவுக சொல்லட்டும்னு காத்திருந்தா மழை வந்துரும்யா. நான் கொத்தனாரை ஏறச் சொல்லிட்டேன்" என்றார் பெரியவர். மேலே ஆள் ஏறி, பழைய ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லதைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிளைவுட் அடித்த அறைக்குக் கதவு போடுவது யார் செலவு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கல்யாணத்தன்று அந்த இடத்தில் ஜமுக்காளம் தொங்கவிடலாம் என்பது ஆச்சியின் யோசனை.